போதுமென்ற மனம் யாருக்கு வேண்டும்?

"போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த முதுமொழி. அனுபவத்தில் விளைந்த மொழி அது. அதன் உண்மையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு மருந்து நல்ல மருந்தாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்த நோய்க்கு, எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில் கொடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பசியால் மயங்கி விழுந்தவனுக்குப் பேதி மருந்து கொடுப்பவரை நாம் வைத்தியர் என்று சொல்லமாட்டோம். அதுபோலவே, நாள் முழுதும் உழைத்தும் வயிறு நிரம்பாத ஒருவனைப் பார்த்து, "பணத்தில் என்ன இருக்கிறது தம்பி, மனநிறைவுதான் பெரிது" என்று வயிறு நிறைந்தவர் ஒருவர் சொன்னால், அது அறிவுரையா? அல்லது அநீதியின்மேல் இழுத்து விடப்பட்ட போர்வையா?

இந்தக் கேள்வியை அண்மையில் ஒரு ஹொலிவூட் நகைச்சுவைப் படம் எழுப்பியிருக்கிறது. அதன் பெயர் 'குட் போர்ச்சூன்'. நல்லதிர்ஷ்டம் என்று பொருள். 2025 செப்டெம்பரில் கனடாவின் ரொறன்ரோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காண்பிக்கப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபர் 17இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம். கதையை எழுதி, நெறியாள்கை செய்து, முக்கிய பாத்திரமொன்றையும் ஏற்று நடித்திருப்பவர் அஸிஸ் அன்சாரி. இவர் 1983இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். இவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அங்கு சென்று குடியேறிய தமிழ் முஸ்லிம்கள். கியானு றீவ்ஸ், சேத் றோகன், கீகீ பாமர், சன்ட்றா ஓ ஆகிய பிரபல நடிகர்களும் இதில் நடித்திருக்கிறார்கள். சிரிக்க வைக்கும் படந்தான். ஆனால் சிரித்து முடிந்தபின் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிடுகிறது. அந்த முள்ளைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

படம் சொல்லும் கதை

ஆர்ஜ் என்பவன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாலிபன். விவரணப் படங்களைத் தொகுக்கும் தொழில் தெரிந்தவன். ஆனால் அத்தொழிலில் அவனுக்கு நிலையான வேலை இல்லை. ஆகவே கைத்தொலைபேசியில் வந்து விழும் அழைப்புக்களைப் பார்த்துப் பார்த்துச் சில்லறை வேலைகள் செய்கிறான். ஒருவருக்குக் கடையிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பான். இன்னொருவருடைய கார்க் கொட்டிலைத் துப்புரவாக்கி அடுக்கி வைப்பான். இடையிடையே ஒரு பெரிய ஹாட்வெயார் கடையிலும் வேலை செய்வான். இத்தனையும் செய்தும், இரவானால் அவனுக்கு ஒரு வீடில்லை. தன்னுடைய காருக்குள்ளேயே படுத்துறங்குகிறான். இவன் சோம்பேறியல்லன், குடிகாரனுமல்லன். வேலை இருக்கிறது, ஆனால் வாழ்வு இல்லை என்பதுதான் இவனுடைய நிலை.

மறுபக்கத்தில் ஜெப் என்ற செல்வந்தர். புதிய தொழில்நுட்பக் கம்பனிகளில் பணம் போட்டுப் பணம் எடுப்பவர். விசாலமான வீடு, நீராவிக் குளியல், பனிநீர்த் தொட்டி என்று வாழ்பவர். கெட்டவரல்லர், பழக இனிமையானவர். ஆர்ஜைத் தமக்கு உதவியாளனாகச் சிலகாலம் வைத்துக்கொள்கிறார். தனக்குப் பிடித்த பெண்ணை ஒரு நல்ல உணவகத்துக்கு அழைத்துச் சென்ற ஆர்ஜ், கையில் காசில்லாமல், வேலைக்கென்று கொடுக்கப்பட்ட கடனட்டையை நீட்டிவிடுகிறான். அந்த ஒரு பிழைக்காக வேலை போகிறது. தொடர்ந்து, உறைவிடமாயிருந்த காரும் கைவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில்தான் காவல் சம்மனசு ஒருவர் குறுக்கிடுகிறார். அவர் பெயர் கபிரியேல். வானவர் வரிசையில் கடைநிலை ஊழியர் அவர். கார் ஓட்டும்போது கைத்தொலைபேசியில் செய்தி தட்டும் மனிதரைச் சற்றே உலுக்கி, விபத்திலிருந்து காப்பாற்றுவது மட்டுமே அவருடைய உத்தியோகம். சிறகுகளும் அதற்கேற்பச் சிறியவை. "நானும் ஓர் ஆத்துமாவைக் கரையேற்ற வேண்டும்" என்ற ஆசை அவருக்கு. மனமுடைந்து கிடக்கும் ஆர்ஜுக்கு ஒரு பாடம் புகட்ட நினைத்து, அவனுடைய வாழ்வையும் ஜெப்பினுடைய வாழ்வையும் இடம்மாற்றி விடுகிறார். செல்வத்தைச் சில நாள் அனுபவித்துப் பார்த்தால், அதனால் துன்பம் தீராது என்று அவன் கண்டுகொள்வான். பழைய வாழ்வே போதுமென்று ஓடிவருவான். இதுவே சம்மனசின் கணக்கு.

கத்தோலிக்க வாசகர் சிலருக்கு இவ்விடத்தில் மனம் நெருடலாம். கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன அதிதூதரின் பெயரை இப்படியொரு கோமாளிப் பாத்திரத்துக்குச் சூட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் செப்டெம்பர் 29இல் மிக்கேல், இரபேல் ஆகியோரோடு சேர்த்துத் திருச்சபை விழா எடுக்கும் அதிதூதர் இவரல்லர் என்பது படம் பார்க்கும் எவருக்கும் விளங்கும். இந்தக் கேலி வானத்தை நோக்கியதன்று. பூமியில் நின்றுகொண்டு ஏழைகளுக்குப் பாடம் சொல்ல விரும்பும் நல்லெண்ணக்காரரை நோக்கியது. அந்த வகையில் இது நம்மில் பலரையும் தொடும் கேலி.

தோற்றுப்போன பாடம்

சம்மனசின் கணக்குப் பிழைத்துப் போகிறது. செல்வம் ஆர்ஜின் துன்பங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்தே விடுகிறது! படுக்கக் கட்டில் கிடைத்தது, நன்றாக உறங்கினான். பசித்தபோது சாப்பாடு கிடைத்தது. அடுத்த வேளை என்ன செய்வது என்ற அச்சம் நீங்கியது. முகத்தில் ஒளி வந்தது. பழைய வாழ்வுக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்டால், ஏன் திரும்ப வேண்டும் என்கிறான். அவனாக மனம் ஒப்பினாலன்றி அவனைத் திருப்ப முடியாது என்பது மேலிடத்து விதி. சம்மனசோ சிறகுகளை இழந்து, சாதாரண மனிதனாகி, உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலைக்குப் போகிறார்.

இதிலே சிரிப்பதற்கு எவ்வளவோ உண்டு. ஆனால் இது வெறும் வேடிக்கையன்று. பழைய கதைகள் பலவற்றில் இந்தப் பாடம் தோற்பதேயில்லை. ஏழை ஒருவன் ஒருநாள் ராசாவாகிறான். அரண்மனையில் நிம்மதியில்லை என்று கண்டு குடிசைக்கே திரும்பி விடுகிறான். கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால் இக்கதையால் யார் நன்மை பெறுகிறார்கள் என்று நாம் கேட்பதுண்டா? குடிசையில் இருப்பவன் அங்கேயே இருந்துவிடுவான். அரண்மனையில் இருப்பவனும் அங்கேயே இருந்துவிடுவான். கதை சொன்னவனுக்குப் பரிசும் கிடைக்கும்.

சம்மனசு ஒருவர் மனிதனைக் காப்பாற்ற வரும் படங்களில் மிகப் புகழ்பெற்றது 1946இல் பிராங்க் காப்ரா நெறியாள்கை செய்த 'இட்ஸ் எ வொண்டர்புல் லைப்' என்பது. நத்தார் காலத்தில் மேல்நாடுகளில் ஆண்டுதோறும் குடும்பமாகக் கூடியிருந்து பார்க்கும் படம். சாகத் துணிந்த ஜோர்ஜ் பெய்லி என்ற நல்ல மனிதனுக்கு, அவன் பிறவாதிருந்தால் அவ்வூர் எவ்வளவு நலிந்திருக்கும் என்று கிளாறன்ஸ் என்ற சம்மனசு காட்டுகிறது. அவனும் மனந்தேறி வீட்டுக்கு ஓடுகிறான். இதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவனுடைய துன்பம் எங்கிருந்து தொடங்கியது? 8,000 டொலர் காணாமற் போனதிலிருந்து! அது எப்படித் தீர்ந்தது? ஊரவர் எல்லோரும் கையில் இருந்ததைக் கொண்டுவந்து அவன் வீட்டு மேசையில் கொட்டியதனால். சம்மனசு அவனுக்கு வாழும் ஆசையைத் திருப்பிக் கொடுத்தது. அயலவர் அவனுடைய கடனைத் தீர்த்தார்கள். இரண்டும் தேவைப்பட்டன. வெறும் போதனையோடு அந்தப் படம் முடிந்திருந்தால், ஜோர்ஜ் பெய்லி மனநிறைவோடு சிறைக்குப் போயிருப்பான்!

ஆகவே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காணவேண்டும். மனநிறைவு என்பது உயர்ந்த புண்ணியம். ஆனால் அது ஒருவன் தனக்குத் தானே தேடிக்கொள்ள வேண்டிய புண்ணியம்; மற்றவன்மேல் சுமத்தக்கூடியதன்று. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்கு செல்வமிக்க துணி வியாபாரியின் மகன். தம்முடைய உடையைத் தாமே களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு ஏழ்மையை மணந்தார். அவர் மற்றவனுடைய உடையைக் களைந்து, "நீ ஏழ்மையை மண" என்று சொல்லவில்லை. தானாக ஏற்கும் நோன்புக்கும், பிறர் உணவைப் பறித்ததால் வரும் பட்டினிக்கும் வயிற்றிலே வித்தியாசம் இல்லாமலிருக்கலாம். அறத்திலே வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத சகோதரனுக்குத் தேவையானதைக் கொடாமல், நல்வார்த்தை மட்டும் சொல்லி வழியனுப்புபவனைப் புனித யாகப்பர் தம் நிருபத்தில் கடிந்துகொண்டதும் இதற்காகவே.

முகமில்லாத முதலாளி

படத்தின் மறு முனை இன்னும் கூர்மையானது. ஆர்ஜுக்கு வேலை கொடுப்பவர் யார்? சாப்பாட்டுக் கடைக்காரர், "நான் அல்ல" என்பார். சாப்பாட்டை வரவழைத்தவர், "நான் வாடிக்கையாளன் மாத்திரமே" என்பார். கம்பனியோ, "நாங்கள் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை நடத்துபவர்கள், அவர் சுயதொழில் செய்பவர், எங்கள் ஊழியரல்லர்" என்று சொல்லும். இப்படி எல்லோரும் கைகழுவிய பிறகு, மிஞ்சுவது அந்தக் கைத்தொலைபேசி ஒன்றுதான். அது கட்டளையிடும், பாதை காட்டும், நேரம் குறிக்கும், வாடிக்கையாளர் இடும் நட்சத்திரங்களை எண்ணும். எண்ணிக்கை குறைந்தால் ஒருநாள் திறக்காது. "ஐயா, என்மேல் என்ன குற்றம்?" என்று கேட்பதற்கு ஓர் ஐயா இல்லை.

1936இல் சார்லி சப்ளின் 'மொடர்ன் டைம்ஸ்' என்ற படத்தை எடுத்தார். இயந்திரத்தோடு ஓடியோடி மனிதனே இயந்திரமாகிப் போகும் தொழிற்சாலைக் கதை. அதிலே சாப்பாட்டு நேரத்தை மிச்சம்பிடிப்பதற்காகத் தொழிலாளிக்கு ஊட்டிவிடும் ஓர் இயந்திரம் வரும். மலசலகூடத்தில் சற்று இளைப்பாறச் சென்றால், அங்கேயும் பெரிய திரையொன்றில் முதலாளியின் முகம் தோன்றி அதட்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சப்ளின் கண்ட கனவு அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சப்ளினின் முதலாளிக்கு ஒரு முகம் இருந்தது. கோபிக்கவும், கெஞ்சவும், வேலைநிறுத்தம் செய்து எதிர்க்கவும் ஓர் ஆள் இருந்தான். இன்று அந்த முகமும் மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் படத்திலுள்ள ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். சம்மனசின் உத்தியோகம் கார் ஓட்டுபவரின் கண்களைக் கைத்தொலைபேசியிலிருந்து விலக்குவது. ஆர்ஜின் பிழைப்போ கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலிருப்பதில் தங்கியிருக்கிறது. எடுத்தால் அடுத்த அழைப்பு மற்றவனுக்குப் போய்விடும். எந்தப் பொருளிலிருந்து மனிதனைக் காப்பாற்ற வானகம் ஒரு காவலரை நியமித்திருக்கிறதோ, அதே பொருளிடம் மனிதன் கைகட்டி நின்று கூலி வாங்குகிறான். இரண்டு மணி நேரப் பிரசங்கம் சொல்லமுடியாததை இந்த ஒரு முரண் சொல்லிவிடுகிறது.

தொழில்நுட்பத்தைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. கத்தியால் பழமும் வெட்டலாம். கைத்தொலைபேசியால் ஒரு தாய் பிற தேசத்திலுள்ள பிள்ளையின் முகத்தைக் காண்கிறாள். நோயாளி மருந்து வரவழைக்கிறான். வேலை தேடி அலைந்தவன் இருந்த இடத்திலேயே வேலை காண்கிறான். குற்றம் கருவியில் இல்லை. கருவியின் பின்னால் மனிதன் ஒளிந்துகொள்வதில்தான் குற்றம் இருக்கிறது. "இயந்திரம் அப்படித் தீர்மானித்துவிட்டது" என்று சொல்பவர், அந்த இயந்திரத்துக்கு அப்படித் தீர்மானிக்கக் கற்பித்தவர் ஒரு மனிதர் என்பதை மறைக்கிறார். பிலாத்துவுக்குக் கைகழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. இக்காலத்தில் அதுகூட வேண்டியதில்லை.

காத்திருப்புக்குக் கூலி யார் கொடுப்பது?

இது வெறும் சினிமாக் கற்பனையோ என்று நினைப்பவர், படத்தின் கதை நிகழும் கலிபோர்னியாவில் நடந்ததைப் பார்க்கலாம். 2019இல் அம்மாநிலச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரைச் சுயதொழிலாளர் என்று அழைப்பதற்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்த அச்சட்டம், 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உடனே செயலிக் கம்பனிகள் விழித்துக்கொண்டன. ஊபர், லிப்ற், டோர்டாஷ் முதலிய கம்பனிகள் சேர்ந்து 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்துப் பிரசாரம் செய்தன. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. '22ஆம் பிரேரணை' என்ற பெயரில், இத்தகைய சாரதிகளும் உணவு கொண்டுசெல்பவர்களும் சுயதொழிலாளரே என்று தீர்மானமாயிற்று. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 58க்கு மேற்பட்டோர் அதை ஆதரித்தார்கள். 2024 ஜூலையில் மாநில உயர் நீதிமன்றமும் அது செல்லுபடியாகும் என்று தீர்த்தது.

அந்தப் பிரேரணை தொழிலாளருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலான ஒரு தொகையை அது உறுதி செய்கிறது. ஆனால் எந்த நேரத்துக்கு? ஓர் அழைப்பை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து அது முடியும் வரைக்கும் மட்டும். அடுத்த அழைப்பு வரும் வரையில் தெருவோரத்தில் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஒரு கடைச் சிப்பந்தி வாடிக்கையாளர் வராத வேளையில் சும்மா நின்றால், அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டப்படுவதில்லை. செயலித் தொழிலாளிக்கு வெட்டப்படுகிறது.

இதே கேள்விக்கு இங்கிலாந்தில் வேறு விடை கிடைத்தது. 2021 பெப்ரவரி 19இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஊபர் சாரதிகள் தொழிலாளருக்குரிய உரிமைகள் உள்ளவர்களே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நீதிபதிகள் நின்றுவிடவில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? நிபந்தனைகளை விதிப்பது யார்? நட்சத்திரம் எண்ணித் தண்டிப்பது யார்? இவற்றையெல்லாம் கம்பனியே செய்யும்போது, சாரதி சுயாதீனமானவர் என்பது பொருந்தாது என்று கண்டார்கள். தமக்குரிய பிரதேசத்தில், செயலியைத் திறந்து வைத்து, வேலைக்கு ஆயத்தமாயிருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இன்னொரு படி முன்னே சென்றது. ஒருவருடைய கணக்கை முடக்கி வேலையிலிருந்து நிறுத்தும் தீர்மானத்தை ஒரு மனிதரே எடுக்கவேண்டும் என்று விதித்து, 2026 டிசெம்பருக்குள் அதைச் சட்டமாக்கும்படி உறுப்பு நாடுகளைப் பணித்தது. மனிதனை வேலையிலிருந்து நிறுத்துபவன் மனிதனாயிருக்க வேண்டும் என்பதற்கும் சட்டம் எழுதவேண்டிய காலத்துக்கு நாம் வந்துவிட்டோம்!

காத்திருக்கும் தொழிலாளி நமக்குப் புதியவனல்லன். திராட்சைத் தோட்ட உவமையிலே பொழுது சாயும்வரை சந்தையில் நின்றவர்களைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். தோட்டக்காரர் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஒரு மணி நேரமே வேலை செய்த அவர்களுக்கும் ஒருநாள் கூலியைக் கொடுத்தார். அந்த உவமைக்கு ஆழ்ந்த ஆன்மீகப் பொருள் உண்டு என்பது தெரிந்ததே. ஆயினும் அதன் வெளிப்படையான பொருளையும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுடைய வீட்டிலும் பிள்ளைகள் ஒரு முழு வயிற்றோடுதான் காத்திருக்கிறார்கள்.

"அவனே சம்மதித்துத்தானே வேலை செய்கிறான், யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று சிலர் கேட்பர். இந்த வாதம் பழையது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் இதற்கு விடை சொல்லிவிட்டார். இரு தரப்பாரும் சுயாதீனமாக உடன்பட்டாலும், அந்த உடன்பாட்டுக்கு மேலாக இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக நடக்கும் தொழிலாளி பிழைப்பதற்குப் போதாத கூலி, அவன் ஒப்புக்கொண்டதனால் மட்டும் நீதியான கூலியாகிவிடாது. வேறு வழியில்லாமல் ஒப்புபவன் பலவந்தத்துக்கு உள்ளானவனே. 2025 மே மாதத்தில் தெரிவான புதிய பாப்பரசர் தாம் 14ஆம் சிங்கராயர் என்ற பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் காட்டினார். செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியால் மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால்கள் எழுந்துள்ளன என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

போதும் என்று சொல்லவேண்டியவர் யார்?

இனி எதிர்வாதம் ஒன்றைக் கேட்போம். "அப்படியானால் இந்தப் படம் பணமே எல்லாம் என்று போதிக்கிறதா? செல்வம் ஆபத்தானது என்று நற்செய்தி எச்சரிக்கவில்லையா?" எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்கவேண்டும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனுக்குச் சொல்லப்பட்டது. வாசலில் கிடந்த லாசரைக் காணாமல் விருந்துண்டவனுக்குச் சொல்லப்பட்டது. லாசரைப் பார்த்து, "செல்வத்தில் மோகம் கொள்ளாதே" என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது மேசையிலிருந்து விழும் உணவு.

ஆர்ஜும் குற்றமற்றவனல்லன். இடம்மாறிய பின்னர், அவன் அனுபவிக்கும் ஒவ்வொரு சுகத்துக்கும் மறுபக்கத்தில் இன்னொரு மனிதன் அல்லற்படுகிறான் என்பது அவனுக்குத் தெரியும். முன்னர் தான் பட்ட பாட்டை இப்போது ஜெப் படுகிறார். தெரிந்தும், "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று இருந்துவிட அவன் மனம் ஆசைப்படுகிறது. ஏழையாயிருந்தபோது அவன்மேல் இரக்கப்பட்ட நாம், இப்போது அவனைச் சற்றே சந்தேகத்தோடு பார்க்கிறோம். ஏனென்றால் இப்போதுதான் அவன் 'போதும்' என்று சொல்லவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறான். அதைச் சொல்வானா என்பதைப் படத்தைப் பார்த்தே வாசகர்கள் அறிந்துகொள்ளட்டும். முடிவைச் சொல்லிவிடுவது முறையன்று.

ஜெப்பின் கதையும் ஒரு பாடமே. மனிதர் அவர்தாம், மூளையும் அதேதான், சாமர்த்தியமும் குறையவில்லை. ஆனால் செயலிகளின் கட்டளைக்கு ஓடும் நிலைக்கு வந்ததும், அந்தச் சாமர்த்தியம் அவரை மேலே தூக்கிவிடவில்லை. கெட்டிக்காரன் முன்னேறுவான் என்பது அரை உண்மை. கால் ஊன்ற நிலம் உள்ள கெட்டிக்காரன் முன்னேறுவான் என்பதே முழு உண்மை.

படத்தில் நம் மனத்தில் நிலைக்கும் இன்னொருவர் எலேனா. ஆர்ஜ் விரும்பும் பெண். ஹாட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டே, சக ஊழியர்களைச் சேர்த்துத் தொழிற்சங்கம் அமைக்கப் பாடுபடுகிறாள். அவளிடம் எந்தச் சம்மனசும் வந்து வாழ்வை மாற்றித் தருவதாகச் சொல்லவில்லை. அவளும் யாருடைய மாளிகையையும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவனோடு பேசி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, இருக்கும் இடத்தையே வாழத்தக்க இடமாக்க முயல்கிறாள். 'குட் போர்ச்சூன்' என்ற பெயருக்கு உண்மையான எதிர்ச்சொல் துரதிர்ஷ்டம் அன்று, நீதி என்பதை இந்தப் பெண் உணர்த்துகிறாள். அதிர்ஷ்டம் ஒருவனைத் தூக்கிவிட இன்னொருவனை இறக்கவேண்டும். நீதிக்கு அது தேவையில்லை.

படத்துக்கு ஒரு குறையும் உண்டு. நகைச்சுவைப் படமாகையால், தனி மனிதரின் மனமாற்றத்திலேயே அது அதிகமாக நம்பிக்கை வைக்கிறது. ஒரு செல்வந்தர் மனம் இளகினால் நல்லதே. ஆனால் இலட்சக்கணக்கானோரின் பிழைப்பு, செல்வந்தரின் மனம் இளகுவதில் தங்கியிருக்கக் கூடாது. கலிபோர்னியாவிலும் இலண்டனிலும் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் நடந்த போராட்டம் அதனாற்றான் அவசியமாயிற்று.

நமக்கும் இதிலே பங்குண்டு. உணவுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நிற்பவனுக்கு நாமும் ஒருவகையில் முதலாளிகளே. முகத்தைக் காட்டாத முதலாளிகள். மழையில் பிந்தி வந்தான் என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கும்போது, நாம் குறைப்பது அவனுடைய அடுத்த நாள் வேலையை. அதை அறியாமல் விரலை வைப்பது எளிது. அறிந்தபின் வைப்பது பாவம். மலிவாகவும் விரைவாகவும் எல்லாம் வரவேண்டும் என்று நாம் கேட்கும்போது, அந்த மலிவுக்கும் விரைவுக்கும் விலை கொடுப்பவன் யார் என்றும் கேட்கவேண்டும். கேட்டால், பல நேரங்களில் 'போதும், பொறுத்துக்கொள்ளலாம்' என்று சொல்ல நமக்கே மனம் வரும்.

முன்னோர் சொன்ன மருந்து பழுதானதன்று. அதை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பதில்தான் நாம் பிழைவிட்டு வந்திருக்கிறோம். காருக்குள் படுத்துறங்குபவனிடம் அந்தக் குப்பியை நீட்டுவதை நிறுத்துவோம். அவனுக்குரியது கூலி, அதைக் கொடுப்போம். மருந்து, மேசை நிறைந்தபின்னும் பசி தீராதவர்களுக்கு உரியது.